ஆறு எம்.எம். இடது பக்கம்

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி
டிராயிங் செக்‌ஷன், ஜன்னலோர மேசை
(முன்பு தாங்கள் உட்கார்ந்திருந்த அதே மேசை)

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும், நிறைமாதமாக இருக்கும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஐந்தே நாள் இருப்பதால் அவளை மாடிப்படி ஏறவிட வேண்டாம், குனிந்து எதையும் எடுக்கவிட வேண்டாம், கோபப்படவும் விட வேண்டாம். அவள் பங்குக்கும் சேர்த்து இங்கே நான் பட்டுக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் தங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எப்போதும் என் மகள்தான் எடுக்கிறாள், எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். தாங்கள் எங்கோ தூரத்திலிருந்து "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்கிறீர்கள். நான் "நல்லா இருக்கேன் மாப்பிள்ளை" என்கிறேன். இரண்டு வருஷமாக நமக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். இந்த நிலையில் ஒரு மாமனார் மாப்பிள்ளையை ஸ்பீக்கரில் திட்ட முடியுமா, அதுவும் நிறைமாதக்காரி பக்கத்தில் இருக்கும்போது? ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கவும்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பட்டறையின் டிராயிங் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மேசைக்குத் தாங்கள் வேலைக்கு வந்தீர்கள். ஒரே வருஷத்தில் என் மகளைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். அடுத்த மாதமே பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று அவளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்தால்தான் போய்ச்சேர முடிகிற தூரத்துக்குப் போய்விட்டீர்கள். போகட்டும், பிள்ளைகள் முன்னேற வேண்டியதுதான். என் வீட்டிலிருந்து கொண்டுபோனது என் மகளை. என் மேசையில் விட்டுவிட்டுப் போனது அந்தப் பம்பு மூடியை. அந்த மூடியால்தான் இன்றைக்கு என் மானம் கப்பலேறி நிற்கிறது.

மூடி என்றதும் எந்த மூடி என்று கேட்பீர்கள். நம் பட்டறை இருபத்தெட்டு வருஷமாக மூடி மட்டும்தான் செய்கிறது. பெரிய மூடி, சின்ன மூடி, காது வைத்த மூடி, காதில்லாத மூடி. கஸ்டமர் அளவு கொடுப்பார், நாம் மூடி கொடுப்போம். எதற்கு மூடி என்று நாங்கள் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. அப்படிக் கேட்பது அநாகரிகம் என்றே ஒரு நினைப்பு. தாங்கள்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இது எதுல போய் உட்காருதுன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்று பம்பு கம்பெனிக்கே பஸ் ஏறிப் போனீர்கள். ஒரு முழு நாள் அங்கே வேடிக்கை பார்த்துவிட்டு, சாயங்காலம் "அங்க டீ நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கே முதலாளியிடம் நான் சொன்னேன், பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் கொஞ்சம் ஊர்சுற்றி என்று. பிற்பாடு அந்த ஊர்சுற்றிக்கே பெண்ணைக் கொடுத்தேன் என்பது வேறு கதை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் பம்பு கம்பெனியின் இன்ஜினியரம்மாவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மெயில் முழுவதும் ஒரே வரி. நடுத்துளையை ஆறு எம்.எம். இடது பக்கம் நகர்த்தவும். அவ்வளவுதான். முதலாளி என் மேசைக்கு வந்து, "எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்றார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். இதைத் தனியாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பக்கத்தில் லேத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஞாபகமிருக்கும், எந்த அளவு எவ்வளவு தப்பினாலும் "பரவாயில்லை சார்" என்பாரே, அதனால் நாம் எல்லாரும் பரவாயில்லையார் என்று கூப்பிடுவோமே, அவர்தான். அவர் காதில் விழுந்தது பட்டறையின் கடைசி மெஷின் வரை போய்ச்சேர ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

கம்ப்யூட்டரில் தாங்கள் போட்டு வைத்திருந்த அந்த மூடியின் மாடலைத் திறந்தேன். திரையின் இடது பக்கத்தில் வரிசையாகப் பட்டியல் வந்தது. முதல் வரி தட்டு, இரண்டாவது வரி நடுத்துளை, அதற்கடுத்து அதைச் சுற்றி நான்கு போல்ட் துளை, தட்டு வளையாமல் இருக்க மூன்று ரிப், ஓரத்தில் குழாய் வாய், பிறகு சில்லறை வளைவு நெளிவுகள் என்று மொத்தம் நாற்பத்தோரு வரி. மற்றவர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். மேலே இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இருப்பது நிற்கும். நடுத்துளை வரிக்குப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் காகிதப் படம் ஒட்டியிருந்தது. இந்த சாஃப்ட்வேரில் மஞ்சள் என்றால் எச்சரிக்கை. எச்சரிக்கைகளை நான் திறப்பதில்லை. ஒன்றைத் திறந்தால் ஒன்பது வரும். துளையின் அளவைத் தட்டினேன், ஆறைக் குறைத்தேன், என்டரை அமுக்கினேன். துளை நகர்ந்தது. மாடலை அப்படியே மூலையிலிருக்கும் பிளாஸ்டிக் சாம்பிள் எடுக்கிற மெஷினுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் டீ வந்து நின்றது. அந்த ஒரு டீயைத்தான் இந்த வாரத்தில் நான் நிம்மதியாகக் குடித்தேன்.

சாம்பிள் வந்ததும் வெர்னியர் வைத்து அளந்தேன். ஓரத்திலிருந்து துளை ஆறு எம்.எம். இடது பக்கம் போயிருந்தது, சரி. போல்ட் துளையை அளந்தேன். அதுவும் ஆறு எம்.எம். போயிருந்தது. நான்குமே போயிருந்தன. ரிப்பும் போயிருந்தது, குழாய் வாயும் போயிருந்தது. தட்டின் ஓரம் ஒன்று மட்டும் நாகரிகமாக இருந்த இடத்தில் இருந்தது. ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் வீட்டோடு கிளம்பி வந்த கதையாக, ஒரு துளையை நகர்த்தினால் உள்ளேயிருந்த அத்தனையும் அதன் பின்னால் வந்து நிற்கிறது. பட்டியலை ஆராய்ந்தபோதுதான் தங்கள் கைவரிசை தெரிந்தது. போல்ட் துளைகளைத் தட்டின் ஓரத்திலிருந்து அளக்காமல் நடுத்துளையிலிருந்து அளந்திருக்கிறீர்கள். ரிப்பை நடுத்துளையிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். குழாய் வாயை ரிப்பின் முதுகில் ஏற்றியிருக்கிறீர்கள். நான் கேட்கிறேன் மாப்பிள்ளை, ஊரில் வேறு இடமே இல்லையா?

பரவாயில்லையார் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாமே சேர்ந்துதானே போயிருக்கு, பரவாயில்லை சார்" என்றார். "துளையைத்தான் நகர்த்தச் சொன்னாங்க, குடும்பத்தை இல்ல" என்று அதட்டி அனுப்பினேன். கஸ்டமர் என்ன எழுதுகிறாரோ அதைச் செய்வதுதான் டிராயிங்காரன் வேலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதற்கு முன் இருந்த கம்பெனியையும் சேர்த்து முப்பத்தோரு வருஷம் நான் அப்படித்தான் குப்பை கொட்டியிருக்கிறேன். முதலாளி ரூம் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று அவர் நெடுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்ததால், அந்தச் சாம்பிளைக் கொண்டுபோய்க் கதவுக்கு அண்டைகொடுத்து வைத்தேன். அதற்காவது உபயோகப்படட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பும் வேலையை ஆரம்பித்தேன். போல்ட் துளைகளை ஆறு எம்.எம். வலது பக்கம் தள்ளினேன். தள்ளியதும் ஒரு ரிப் நீண்டு, தட்டைத் தாண்டி, வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றது. ரிப்பைச் சுருக்கினேன். குழாய் வாய் தட்டை விட்டுக் கிளம்பி, ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் தொங்கியது. குழாய் வாயைப் பிடிக்கப் போனால் பட்டியலில் வரிசையாகச் சிவப்பு விழுந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, பதினேழில் நிறுத்திக்கொண்டேன். சரி, வரிசையையே மாற்றிவிடலாம், நடுத்துளையை ரிப்புக்குக் கீழே இறக்கிவிடலாம் என்று அந்த வரியை மவுஸால் பிடித்து இழுத்தேன். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட அடையாளம் ஒன்று வந்து நின்றது. பட்டியலில் எந்த இடத்துக்கு இழுத்தாலும் அந்த அடையாளம் கூடவே வந்தது. என் சர்வீஸில் என்னை யாரும் அப்படி வாசலிலேயே நிறுத்தியதில்லை.

இதில் முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சனிக்கிழமை ரயிலுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று தங்களுக்குத் தெரியும். லீவு லெட்டரை முதலாளியிடம் போன வாரமே கொடுத்துவிட்டேன். அவரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கையெழுத்து ஆகிவிட்டதா என்று கேட்கப் போனால், லெட்டர் மேசைமேல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடக்கிறது. "லீவு எங்க சார் ஓடிப்போகுது? முதல்ல மூடி போகட்டும், அப்புறம் நீங்க போங்க" என்றார். மூடி போவது என்றால், நான் வரைய வேண்டும், இன்ஜினியரம்மா பார்த்து ஓகே சொல்ல வேண்டும். அவர் ஓகே சொல்லச் சாதாரணமாக மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை ரயிலை விட்டால் அடுத்த பத்து நாளைக்கு டிக்கெட் இல்லை. குழந்தை பத்து நாள் எனக்காகக் காத்திருக்குமா? என் முதல் பேரக்குழந்தையின் முகத்தை நான் போனில் பார்த்துக்கொள்ள வேண்டும், எதனால்? நீங்கள் போட்ட ஒரு துளையால். இதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில் உங்கள் அத்தை மூன்று பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"துளை நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சு. கூட எல்லாமே நகர்ந்துடுச்சு."

"நகர்ந்துச்சுல்ல, அப்புறம் என்ன?"

இவளுக்கு எப்படி விளக்குவது? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாடிவீட்டுக்காரர் படியில் எதிரே வந்தார். அவரும், "என்ன சார், துளை நகர்ந்துச்சா?" என்றார். புதன்கிழமை காலை பால்காரர் கேட்டார். என் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கெல்லாம் என் துளை எவ்வளவு நகரவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அன்று சாப்பிடும்போது உங்கள் அத்தை ஒரு யோசனை சொன்னாள். "மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன? அவர் செஞ்சதுதானே?"

"முப்பத்தோரு வருஷ சர்வீஸு. ஒரு துளையை எப்படி நகர்த்தறதுன்னு நான் மாப்பிள்ளைகிட்ட போய்க் கேக்கணுமா?"

"துளையைத்தானே கேக்கறீங்க, சொத்தையா கேக்கறீங்க?"

நான் கை கழுவப் போய்விட்டேன். கேட்கமாட்டேன் மாப்பிள்ளை. இந்தக் கடிதம்கூட யோசனை கேட்டு எழுதுவதல்ல, கண்டனம் தெரிவித்து எழுதுவது.

புதன்கிழமை துணிந்து ஒரு காரியம் செய்தேன். துளையை நகர்த்தினால்தானே வம்பு, துளையையே அழித்துவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போட்டுவிடலாம் என்று அந்த வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட்டை அமுக்கினேன். ஒரு பெட்டி திறந்து ஏதோ கேட்டது. பரவாயில்லையார் பின்னால் நின்று, "என்ன சார் கேக்குது?" என்றார். படித்துச் சொன்னேன். "இதை அழிச்சா இதோட பிள்ளைங்களும் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது." அவர் முகம் வாடிவிட்டது. "வேணாம் சார். வீட்ல விசேஷம் இருக்கிற நேரத்துல இப்படியெல்லாம் சம்மதம் குடுக்காதீங்க" என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். இது வெறும் கம்ப்யூட்டர் பாஷை என்று அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, எதற்கும் மனதுக்குள் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சம்மதம் என்பதை அமுக்கினேன். நாற்பத்தோரு வரியில் ஒரே வரி மிஞ்சியது. திரையில் மூடி இருந்த இடத்தில், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு மொட்டைத் தட்டு. பரவாயில்லையார் அதைப் பார்த்துவிட்டு முதன்முறையாகப் பரவாயில்லை என்று சொல்லாமல் போய்விட்டார். நான் எதையும் சேவ் செய்யாமல் ஃபைலை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே எதிரேயுள்ள டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் கடைக்காரருக்கு எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை. ஒரு டயரைக் கழற்றினால் ஒரு டயர்தான் வருகிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. இனி தங்கள் மாடலைத் தொடுவதில்லை. முதல் கோட்டிலிருந்து நானே புதிதாகப் போடுவேன். அதில் எவனும் எவனையும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வந்து உட்கார்ந்தேன். நாற்பத்தோரு உறுப்பையும் ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்திலிருந்து அளந்து தனித்தனியாக வைத்தேன். எல்லாருக்கும் தனிக்குடித்தனம். போல்ட் துளைக்கு ரிப் யாரென்று தெரியாது, ரிப்புக்குக் குழாய் வாயோடு பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு நடுத்துளையை ஆறு எம்.எம். இடது பக்கம் நகர்த்தினேன். துளை மட்டும் நகர்ந்தது. மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய், உங்கள் அத்தை கேட்பதற்கு முன்னாலேயே, "நகர்ந்துடுச்சு. அது மட்டும் நகர்ந்துடுச்சு" என்றேன். அவள் உள்ளே போய் நான்காவதாக ஒரு பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இன்று காலை டிராயிங் பம்பு கம்பெனிக்குப் போய்விட்டது. சாம்பிளும் எடுத்து வைத்தாகிவிட்டது. இன்ஜினியரம்மா நேரிலேயே வந்து பார்த்துவிடுவதாகப் போன் செய்திருக்கிறார். அவர் வந்து ஓகே சொன்னால் முதலாளி பேப்பர்வெயிட்டைத் தூக்குவார், நான் நாளைக்கு ரயிலேறுவேன். சொல்லாவிட்டால் உங்கள் அத்தை மட்டும் நான்கு பெட்டியோடு வருவாள். இந்த இடைவெளியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெயித்த களைப்பில் எழுதுவதால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் கேட்பது அதிகமில்லை. எல்லாவற்றையும் ஒரு துளையில் கொண்டுபோய்க் கட்டியது தவறு என்று தாங்கள் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். அதை டிராயிங் செக்‌ஷன் சுவரில் ஒட்டப்போகிறேன், வருங்காலத்தவர் பார்த்துத் திருந்தட்டும். அந்தப் பெரிய கம்பெனியிலும் இப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அப்படியானால் அவர்கள் தலையெழுத்து. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள், இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒருவேளை நான் வரும்படி ஆனாலும் சரியாக ஒரு வாரம் இருப்பேன், குழந்தையைப் பார்ப்பேன், கிளம்பிவிடுவேன். அவரவர் இடத்தில் அவரவர் இருப்பதுதான் எல்லாருக்கும் மரியாதை. வியாழக்கிழமை நான் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த ஒரு வாரத்தில் மூடி, துளை, பம்பு என்ற பேச்சை யாரும் என் முன்னால் எடுக்கக் கூடாது. "நல்லா இருக்கீங்களா மாமா" என்று வழக்கம்போல் கேட்டுக்கொள்ளலாம், தடையில்லை.

மற்றபடி என் மகளுக்கு என் அன்பைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். தாங்கள் இருவரும், வரப்போகிறவரும் நோய்நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கேட்ட இடத்தில் கேட்ட அளவில் கிடைத்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் குறையாத,
ஆனால் தங்கள் நலம் விரும்பும்
மாமனார்

பின்குறிப்பு: மணி இப்போது ஆறு. இன்ஜினியரம்மா வந்துவிட்டுப் போய்விட்டார். வரும்போது துணியில் சுற்றி எதையோ குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி மேசைமேல் வைத்துத் துணியைப் பிரித்தால், மோட்டார். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி நான்கு போல்ட். இருபத்தெட்டு வருஷத்தில் நம் மூடிக்குள் என்ன போகிறது என்று இந்தப் பட்டறை பார்த்தது இன்றைக்குத்தான். என் வியாழக்கிழமைச் சாம்பிளை அதன்மேல் வைத்தார். தண்டு துளைக்குள் போனது. போல்ட் ஒன்றுகூடப் போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், துளையை மட்டும் நகர்த்தி வச்சிருக்கீங்க?"

"மெயில்ல அதைத்தானே எழுதியிருந்தீங்க."

"துளை நகர்ந்தா அதுல உட்கார்ற மோட்டார் நகராதா? மோட்டார் நகர்ந்தா போல்ட் நகராதா? இதையெல்லாம் தனித்தனியா எழுதணுமா சார்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லையாரைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார். இன்ஜினியரம்மா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விறுவிறுவென்று வெளியே போனார். என் ரயில் அவரோடு போய்க்கொண்டிருந்தது. வாசலில் அவர் காலில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்தார். கதவுக்கு அண்டைகொடுத்திருந்த திங்கட்கிழமைச் சாம்பிள். அதை அப்படியே மோட்டார்மேல் வைத்தார். டக்கென்று உட்கார்ந்துவிட்டது, தண்டு, நான்கு போல்ட் எல்லாம்.

"இதுதானே வேணும். இதை ஏன் கீழ போட்டு வச்சிருக்கீங்க? எப்ப செஞ்சது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பரவாயில்லையார் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை மேடம். டீ வர்றதுக்குள்ள."

"யார் மாடல் பண்ணது? முன்னாடி ஒருத்தர் எங்க கம்பெனிக்கு வந்து நாள் பூரா மோட்டார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரே, அவரா?"

"என் மாப்பிள்ளை" என்றேன். முதலாளி சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, லேத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு தங்கள் பழைய ஃபைலைத் திறந்து, திங்கட்கிழமை செய்ததையே திரும்பச் செய்தேன். நான்கு நாள் வேலை, நான்கு நிமிஷத்தில் முடிந்தது. இந்தத் தடவை அந்த மஞ்சள் காகிதப் படத்தையும் திறந்து பார்த்தேன். அது எச்சரிக்கை இல்லை. தாங்கள் எனக்கு எழுதி வைத்த குறிப்பு. "சார், இந்தத் துளைதான் மோட்டார் உட்காரும் இடம். என்றைக்காவது இதை நகர்த்தினால் மற்ற எல்லாம் கூடவே வரும். பயப்படாதீர்கள், வரட்டும். அதற்காகத்தான் இப்படிக் கட்டியிருக்கிறேன்." தேதியைப் பார்த்தேன். அப்போது நான் தங்களுக்கு வெறும் சார்தான், மாமா ஆகியிருக்கவில்லை. இத்தனை நாள் இது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது மாப்பிள்ளை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

பேப்பர்வெயிட் தூக்கப்பட்டது, லீவில் கையெழுத்தும் ஆகிவிட்டது. முதலாளி ரூம் கதவுக்கு இப்போது என் வியாழக்கிழமை மூடி அண்டைகொடுத்திருக்கிறது, நன்றாகவே நிற்கிறது. கிளம்பும்போது பரவாயில்லையாரிடம், இப்படி ஆகிவிட்டதே என்றேன். "பரவாயில்லை சார், ஊருக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பாருங்க" என்றார்.

இந்தக் கடிதத்தை இனி அனுப்பப் போவதில்லை, நானே கையோடு கொண்டுவருகிறேன். நான்கு பக்கம் கைவலிக்க எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. பின்குறிப்பை மட்டும் படித்தால் போதும், மேலே இருப்பது வேறொருவர் எழுதியது என்று வைத்துக்கொள்ளவும். ஒரு வாரம் என்று மேலே எழுதியிருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். என் மகளை அங்கே நகர்த்தியது தாங்கள்தான். நான், உங்கள் அத்தை, இப்போது ஐந்தாகிவிட்ட பெட்டிகள் எல்லாம் நாளை ரயிலில் அவள் பின்னாலேயே வருகிறோம். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று எங்களைக் கேட்கக் கூடாது. வரட்டும், அதற்காகத்தான் கட்டியிருக்கிறேன் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரின்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.